வீடு, தோட்டம், மாலை நேரம்: தம்பதியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். சுவரையும் குழாயையும் பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு எப்படியோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், இருவரும் சேர்ந்து வெளியே போய் எத்தனை நாளாயிற்று என்பதில் வந்து நிற்கும். வீடு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதை வைத்துத்தான் பின்னால் வரும் பல பதில்கள் பேசுகின்றன.

இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலைகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதுதானே நியாயம்?

நியாயம்தான். ஆனால் எதைப் பிரிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வேலை என்பது கையால் செய்வது மட்டும் அல்ல. அது தேவைப்படும் என்று முன்கூட்டியே தோன்ற வேண்டும். என்னென்ன வழி என்று தேட வேண்டும். ஒன்றை முடிவு செய்ய வேண்டும். சரியாக நடந்ததா என்று பின்னால் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டின் மனவேலையை இப்படி நான்காகப் பிரித்துக் காட்டினார். முன்கூட்டி யோசிப்பதும் பின்தொடர்ந்து பார்ப்பதும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகின்றன, முடிவெடுப்பதில் மட்டும் இருவரும் பங்கு கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. நான் போகும் வீடுகளிலும் அதையேதான் பார்க்கிறேன்.

ஆகவே வேலையைத் துண்டுபோடாமல் முழுதாக ஒருவர் ஏற்பதே நல்லது. தண்ணீர்த் தொட்டி ஒருவருடைய பொறுப்பு என்றால், அதைக் கழுவ வேண்டிய நாளை நினைவில் வைப்பது, ஆள் தேடுவது, அன்று வீட்டில் இருப்பது எல்லாமே அவருடையது. மற்றவர் நினைவூட்டவும் வேண்டாம், செய்யும் முறையில் குறை சொல்லவும் வேண்டாம்.

இதோடு ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு பொறுப்பேற்றவருடையது. மாற்ற முடியாத, அல்லது மாற்றப் பெருஞ்செலவாகும் முடிவு இருவருடையது. திரைச்சீலை முதல் வகை. தரைக்கற்கள் இரண்டாம் வகை. கீழே இந்த விதி பலமுறை உதவிக்கு வரும்.

நானும் 'நான்தான் அதிகம் செய்கிறேன்' என்கிறேன், அவரும் அதையே சொல்கிறார். இதில் யார் சொல்வது உண்மை?

இருவருமே மனமறிந்து பொய் சொல்லவில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் 37 தம்பதியரிடம், வீட்டின் ஒவ்வொரு காரியத்திலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் பெரும்பாலான காரியங்களில் நூறைத் தாண்டியது. சண்டைக்குக் காரணமாவது போன்ற நல்லதல்லாத விஷயங்களிலும் அப்படித்தான். பெருமை மட்டும் காரணம் என்றால் அங்கே கணக்கு குறைந்திருக்க வேண்டும். நாம் செய்தது நமக்கு விவரமாக நினைவில் நிற்கிறது. மற்றவர் செய்தது, முடிந்த வேலையாக மட்டுமே கண்ணில் படுகிறது. அதுதான் காரணம்.

ஒரு வாரம் ஆளுக்கொரு தாளில் செய்ததை எழுதி, வாரக் கடைசியில் தாளை மாற்றிப் படியுங்கள். படித்த பிறகும் ஒரு பக்கம் கனமாகவே இருந்தால், அது நினைவின் கோளாறு அல்ல. ஒரு பொறுப்பை முழுதாகக் கைமாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தோட்டம் போட இருவருக்கும் ஆசை, அனுபவம்தான் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

வெயிலிலிருந்து. செடி வாங்கப் போகும் முன்பு ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால்கனியையோ முற்றத்தையோ பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். தக்காளி, மிளகாய், ரோஜா போன்று காய்க்கிற, பூக்கிற செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரையும் புதினாவும் 3, 4 மணி நேரத்திலும் வந்துவிடும். அதற்கும் குறைவு என்றால் நிழலில் வளரும் இலைச்செடிகளை வையுங்கள். அவற்றிலும் அழகுக்குக் குறைவில்லை.

தொட்டி மண்ணுக்குத் தோட்டத்து மண், நன்றாக மக்கிய உரம், தென்னை நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அடியில் துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முதலில் நான்கைந்து தொட்டிகள் போதும். அவற்றில் எது யாருடையது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

காலையில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன், தெரியாமல் மாலையில் அவரும் ஊற்றுகிறார். செடி வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். செத்துவிட்டது. ஏன்?

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளி முழுவதும் எப்போதும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நிற்கும் செடியும் தாகத்தில் இருக்கும் செடியைப் போலவே தலை தொங்கும். பார்ப்பவர் மேலும் ஊற்றுவார். வீட்டுத் தொட்டிச் செடிகளைப் பூச்சியைவிட இந்த அக்கறைதான் அதிகம் கொல்கிறது.

ஊற்றும் முன் சுண்டுவிரலை முதல் இரண்டு கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வெளியேறும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலை வாடியும் மண் ஈரமாக இருந்தால் ஊற்றுவதை நிறுத்தி, செடியை மெல்ல வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகக் குழைந்து, நாற்றம் வீசினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நட வேண்டும். மற்றபடி, இரண்டு பேர் ஊற்றும் பிரச்சினைக்கு மருந்து முதல் பதிலில் இருக்கிறது: ஒரு தொட்டிக்கு ஒரு பொறுப்பாளர்.

இலைக்காம்பின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சினால் போனதுபோல் தோன்றி மறுபடி வருகிறது.

அது மாவுப்பூச்சி. பஞ்சுபோலத் தெரிவது அதன் உடலை மூடிய மெழுகு. அதனால்தான் தண்ணீர் ஒட்டாமல் வழிந்து போகிறது. ஒன்றைக் குச்சியால் நகர்த்திப் பாருங்கள், அடியில் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ உடல் தெரியும், மெல்ல ஊரும். தண்டின் மேல் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, அதன் எதிரிகளை விரட்டுகின்றன. எறும்பைத் தடுக்காமல் பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியைத் தாங்கும் பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சாராயச் சத்துள்ள கிருமிநாசினியில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்பு நீர் சேர்த்துக் கலக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் பொரித்து மறுபடி வரும் என்பதால் வாரம் ஒருமுறை என்று மூன்று, நான்கு முறை தெளிக்க வேண்டும். ஒருமுறை தெளித்துவிட்டு மருந்து சரியில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மொட்டை மாடி முழுக்க மண் பரப்பித் தோட்டம் போடலாம் என்கிறார். போடலாமா?

கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நனைந்த மண் அதைவிடக் கனம். ஒரு சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமண் இருந்தால் எடை சுமார் 500 கிலோ. சாதாரண வீட்டு மாடிகள் இந்தச் சுமையைக் கணக்கில் வைத்துக் கட்டப்படுவதில்லை. வேர் தளத்துக்குள் இறங்குவதும், நீர் தேங்கிக் கசிவதும் தனிக் கவலைகள். இது இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. தொட்டிகள் போதும் என்று முடிவானால், கனமானவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் கீழே தாங்கும் சுவரோ உத்திரமோ இருக்கும் ஓரங்களில் வையுங்கள்.

ஒரு வாரம் இருவரும் வெளியூர் போனால் செடிகளை என்ன செய்வது?

எல்லாத் தொட்டிகளையும் நிழலில் நெருக்கமாக வைத்து, மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். நடுவில் ஒரு வாளித் தண்ணீரை உயரமாக வைத்து, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை வாளியின் அடிவரையும் மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள்ளும் விட்டால் கயிறு வழியே ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் ஓரிரு நாள் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். முதலில் வண்ணம் அடித்தால் வீடு பார்க்க நன்றாகிவிடும் என்கிறாள் மனைவி. சரிதானே?

வண்ணம் கடைசி வேலைகளில் ஒன்று. முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். ஈரச் சுவரில் அடித்த வண்ணம் சில மாதங்களில் உப்புப் பூத்து உரிந்துவிடும். பிறகு இடிக்க வேண்டியவை, அதன் பின் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பிக் குழாயும், ஈரத்தடுப்பு, பூச்சு, தரை, சுவரை வழவழப்பாக்கும் பட்டி, மரவேலை, கடைசிக் கோட் வண்ணம் என்று போக வேண்டும். இந்த வரிசை கலைந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள்.

புதுப் பூச்சை ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல் வண்ணம் அடிக்கச் சுமார் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். விருந்தினர் வருகிறார்கள் என்று இந்த நான்கு வாரத்தை இரண்டாக்கச் சொல்லும் வீடுகள் நிறைய. அங்கே சுவர் பிறகு பழிவாங்கும். மின் வேலை நடக்கும்போதே, கசியும் மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் மற்ற எந்த அழகுச் செலவுக்கும் முன்னால் அதைப் போடுங்கள்.

குளியலறையில் டைல்ஸ் மாற்றினோம். இருந்தும் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது. டைல்ஸ் மட்டமானதா?

டைல்ஸை வாங்கியவரைக் குறை சொல்லாதீர்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதற்கான பொருளே அல்ல. இணைப்புகளின் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். தடுக்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் ஈரத்தடுப்புப் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் தரையைத் துளைத்து வெளிவரும் இடம், வடிகால் வாய் ஆகிய மூன்றும்தான் கசிவு தொடங்கும் இடங்கள். அந்தப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும். குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு.

டைல்ஸ் ஒட்டும் முன்பு ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். வடிகாலை அடைத்து, தரையில் சில சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் கோட்டையும் கீழ்க்கூரையையும் பாருங்கள். இதற்கு ஆகும் ஒரு நாளை வேலை செய்பவர்கள் பெரும்பாலும் விரும்பமாட்டார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். தரையின் சாய்வு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் தண்ணீர் தானாக வடிகாலுக்குப் போகும். ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினாலே தெரிந்துவிடும்.

வண்ணம் தேர்ந்தெடுப்பதில் ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறோம். சண்டை வராமல் எப்படி முடிப்பது?

கையளவு மாதிரி அட்டையைப் பார்த்து வாதாடுவதை நிறுத்துங்கள். நான்கு சுவரிலும் ஒரே நிறம் ஒன்றன் மேல் ஒன்று பிரதிபலிக்கும்போது அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகத் தெரியும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவர் சுவராக மாற்றி வைத்து, காலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். விளக்கும் நிறத்தை மாற்றும்: 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள விளக்கு மஞ்சள் சாயலையும், 4000-க்கு மேற்பட்டது வெண்மையையும் கொடுக்கும். பல வீடுகளில் சண்டை போட்ட இருவரும் வேறுவேறு நேரத்தில் பார்த்த நிறத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் முதல் பதிலின் விதிக்குப் போங்கள். வண்ணம் மாற்றிக்கொள்ளக்கூடியது. அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் சொல்வது நடக்கட்டும்.

அவர் உயரம், நான் குட்டை. இருவரும் சமைக்கிறோம். சமையல் மேடையை எந்த உயரத்தில் வைப்பது?

வழக்கமான மேடை 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். உங்களுக்கு எது வசதி என்பதை உங்கள் முழங்கைதான் சொல்லும். வீட்டில் போடும் செருப்போடு நேராக நின்று, முழங்கையை மடக்கி, அங்கிருந்து தரைவரை அளந்து, 10 முதல் 15 சென்டிமீட்டர் கழியுங்கள். இருவரும் அளந்தால் இரண்டு எண் வரும்.

நடுவில் ஒரு எண்ணைப் பிடித்தால் இருவருக்கும் வலிக்கும். குட்டையானவரின் அளவை ஒட்டிப் போகச் சொல்வேன். உயரமானவர் ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள நறுக்குப் பலகையை வைத்துத் தன் வேலையை உயர்த்திக்கொள்ளலாம். தோளைத் தூக்கிக்கொண்டு நறுக்குபவரால் மேடையைத் தாழ்த்த முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு இது பொருந்தாது. அங்கே கை போகும் இடம் தொட்டியின் அடி. அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் இருவர் முதுகுக்கும் நல்லது. கல்லை வெட்டிப் பதித்த பின் மாற்ற முடியாது என்பதால், அட்டைப் பெட்டிகளை அந்த உயரத்துக்கு அடுக்கி ஒரு நாள் நின்று நறுக்கிப் பாருங்கள்.

காசை மிச்சப்படுத்த, கதவுகளின் பழைய வண்ணத்தை நாங்களே உரசி எடுக்கலாம் என்று இருக்கிறோம். நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

நீங்கள் அந்த வேலையிலும் அந்த அறையிலும் இருக்கவே கூடாது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு வண்ணத்தில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அதற்குப் பின்னும் பல நாடுகளில் அது விற்பனையில் இருந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது கருவையும் சிறு குழந்தையின் மூளையையும் பாதிக்கும்.

வண்ணத்துகளை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்டு என்றால் உலர்ந்த நிலையில் உரசுவதும் தீக்காற்றால் சுடுவதும் கூடாது. பயிற்சி உள்ளவர்கள் நனைத்து எடுக்க வேண்டும். உரியாமல் நல்ல நிலையில் இருக்கும் வண்ணத்தை அப்படியே விட்டு மேலே புதிது அடிப்பதும் ஒரு வழி.

நடுச்சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும். எடுக்கலாமா?

அது சுமை தாங்கும் சுவரா இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. பொறியாளர் எழுதித் தரும் வரை சுத்தியல் படக் கூடாது.

வேலை நடக்கும்போது அதே வீட்டில் குடியிருக்கலாமா?

ஒரு குளியலறையும், கதவு சாத்தித் தூங்க ஓர் அறையும், அடுப்பு வைக்க ஓர் இடமும் எப்போதும் கைவசம் இருந்தால் இருக்கலாம். படுக்கையறையை முதலில் முழுதாக முடித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் அறையின் வாசலைக் கனமான பிளாஸ்டிக் தாளால் விளிம்பெல்லாம் ஒட்டி மூடுங்கள். சிமெண்ட் தூசியும் மரத்தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குழந்தை, மூச்சுத்தொல்லை உள்ளவர், அல்லது மேலே சொன்ன ஈய வண்ணத்தை எடுக்கும் வேலை என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.

கொத்தனாரிடம் நான் ஒன்று சொல்கிறேன், அவர் ஒன்று சொல்கிறார். மதிப்பீட்டையும் தாண்டிவிட்டது. யார் மேல் தவறு?

தவறு யாருடையது என்று தேடுவதைவிட, பேசும் வாய் ஒன்றாகட்டும். வேலைக்காரர்களிடம் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவருக்கு மாற்றம் வேண்டுமென்றால் இரவில் உங்களுக்குள் பேசி, மறுநாள் அந்த ஒருவர் வழியாகவே போகட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு, ஆகும் கூடுதல் செலவோடு எழுதி வாங்குங்கள். மதிப்பீடு தாண்டுவதற்கு விலையேற்றத்தைவிட, நடுவில் 'இதையும் சேர்த்துவிடலாமே' என்று வாயால் சொன்ன மாற்றங்களே பெரிய காரணம்.

மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீடு என்றால் இன்னும் கொஞ்சம். டைல்ஸ் பத்து சதவீதம் அதிகம் வாங்கி, பெட்டிகளில் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொகுதி மாறினால் சாயல் மாறும். பணத்தை வேலை முடிந்த கட்டங்களுக்கே கொடுங்கள். கடைசித் தவணையை, இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து எழுதிய குறைப் பட்டியல் தீரும் வரை கையில் வையுங்கள்.

சொல்லாமல் பொருள்களை வாங்கிவிடுகிறார். கேட்டால் 'வீட்டுக்குத்தானே' என்கிறார்.

ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே கேள்வி இல்லை, மேலே போனால் கேட்காமல் வாங்குவதில்லை. தொகை எவ்வளவு என்பது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. மறைத்து வாங்குவது தொடர்ந்தால் பிரச்சினை பொருளில் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசவே ஒருவருக்கு அச்சம் இருக்கிறது. அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

மாலையில் வெளியே போனாலும் குழாய், கடன், மரவேலை என்றே பேசிவிட்டுத் திரும்புகிறோம். போனதே வீண் என்று தோன்றுகிறது.

வீட்டைப் பற்றிப் பேச வேறு நேரம் இல்லாததால் அந்தப் பேச்சு வெளியே வந்துவிடுகிறது. வாரத்தில் ஓர் அரைமணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, மேசையில் உட்கார்ந்து, கணக்கு நோட்டோடு பேசி முடித்துவிடுங்கள். வெளியே இருக்கும்போது ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு வார்த்தை குறித்துக்கொண்டு அந்த அரைமணிக்குத் தள்ளுங்கள்.

எங்கே போவது என்பதும் முக்கியம். உளவியலாளர் ஆர்தர் ஆரானும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் தம்பதியரைப் பிரித்து, சிலரைப் பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தங்களுக்கு விறுவிறுப்பாகத் தோன்றும் காரியங்களில் ஈடுபடச் சொன்னார்கள். வேறு சிலரை வெறுமனே இனிமையான காரியங்களில். முடிவில் முதல் வகையினருக்கே மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தது. 2000-இல் வந்த ஆய்வில், தம்பதியரின் கையையும் காலையும் ஒருபக்கம் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணை உருளையைக் கையால் பிடிக்காமல் இருவருமாகத் தவழ்ந்து கொண்டுபோகச் செய்தார்கள். ஏழே நிமிட விளையாட்டு அது; அதன் பின் தங்கள் உறவைப் பற்றி அவர்கள் சொன்னதே மேம்பட்டிருந்தது. பழகிய உணவகத்தின் பழகிய மேசையில் வீட்டுப் பேச்சு தானாக வந்து உட்காரும். இருவருக்கும் புதிதான ஒன்றில், உதாரணமாகத் தெரியாத நடனத்தின் முதல் வகுப்பிலோ, படகுத் துடுப்பைப் பிடிக்கும்போதோ, அதற்கு இடமிருக்காது.

செலவழிக்கப் பணமும் இல்லை, குழந்தையை விட்டுப் போக ஆளும் இல்லை. எங்களுக்கு?

புதிதாக இருப்பதுதான் தேவை, செலவு தேவையில்லை. இதுவரை நடக்காத தெருவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கலாம். குழந்தை தூங்கிய பின் இரவு வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தையாவது அடையாளம் காண முயலலாம். கைபேசிகள் உள்ளே இருக்கட்டும்.

அவருக்கு வாரம் தவறாமல் வெளியே போக வேண்டும். எனக்கு வீட்டில் செடிகளோடு இருந்தால் போதும். நான் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அவரும் அப்படித்தான். மாலைகளை மாறி மாறி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையையும் முதல் பதிலில் சொன்னபடி ஒருவர் முழுதாக ஏற்கட்டும். அவருடைய மாலை என்றால் இடம், டிக்கெட், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அவர் ஏற்பாடு. நீங்கள் முகத்தைத் தூக்காமல் வர வேண்டும். உங்கள் மாலை என்றால் அவர் கையில் மண்வாரி. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். கூட்டத்தில் களைத்துப் போகிறவருக்கு, எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதிக் களைப்பு குறையும். நடுவில் ஒரு மாலை ஆளுக்கொரு பக்கம் போனாலும் குறையில்லை.

பழைய பொருள் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். வருடக்கணக்காக இதே சண்டை. எப்படித் தீர்ப்பது?

தீராமலும் இருக்கலாம். தம்பதியரைப் பல்லாண்டு ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், அவர்களின் சச்சரவுகளில் 69 சதவீதம் திரும்பத் திரும்ப வருபவை என்கிறார். இருவரின் இயல்பு வேறாக இருப்பதில் பிறந்தவை அவை. நிறைவாக வாழும் தம்பதியருக்கும் அவை உண்டு; அவற்றைப் பற்றிக் கசப்பில்லாமல் பேசிக்கொள்ள அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

அவர் பொருளை ஏன் வைத்திருக்கிறார் என்று ஒருமுறை சண்டையில்லாத நேரத்தில் கேளுங்கள். வறுமையைக் கண்டவருக்கும், இறந்தவரின் நினைவைக் காப்பவருக்கும் பதில் வேறாக இருக்கும். பிறகு அவருக்கென்று ஓர் இடத்தை, ஒரு அலமாரியையோ பரணையோ, அளவு குறித்துக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் என்ன இருந்தாலும் நீங்கள் தொடக் கூடாது. அதைத் தாண்டி வெளியே வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு.

புதுப்பித்து முடித்துவிட்டோம். தரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சொன்னால் மனம் நோவார், சொல்லாமல் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் எரிகிறது.

சொல்லுங்கள். ஆனால் தரையை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையோடு அல்ல, பிடிக்கவில்லை என்ற உண்மையோடு மட்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் செலவுக் கணக்கைச் சொல்லித் தரையைக் காக்கத் தொடங்கிவிடுவார். தேர்ந்தெடுத்த நாளில் நீங்கள் முழுமனத்தோடு சம்மதித்தீர்களா, களைத்துப்போய்த் தலையாட்டினீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். தலையாட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த பெரிய முடிவில், ஒருவர் களைத்திருந்தால் மறுநாளைக்குத் தள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொள்ள அது உதவும்.

தரையை ஆறு மாதம் அப்படியே விடுங்கள். புதுத் தரை வெறுமையாக, கண்ணைக் குத்துவதாகத் தெரிவது வழக்கம்; அறைகலன்களும் விரிப்பும் செடிகளும் வந்த பின் அதே தரை அடங்கித் தெரியும். அதன் பின்னும் பிடிக்கவில்லை என்றால், நீங்கள் அதிகம் இருக்கும் அறையில் மட்டும் பழைய தரையைப் பெயர்க்காமல் மேலே ஒட்டும் வகையைப் போடலாம். கதவின் அடி உரசாமல் திறக்குமா என்று மட்டும் முன்பே அளந்துவிடுங்கள்.